நுரை நிற்கும் பால்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் பூவராகவனுக்கு வேலை. உலையிலிருந்து சிவக்கச் சிவக்க வெளியே வரும் இரும்புக் கட்டையைக் கொக்கி போட்டு உருளைகளுக்குள் திருப்பிவிட வேண்டும். கத்திரி வெயில் நாட்களில் உள்ளே நிற்பதும் வெளியே நிற்பதும் ஒன்றுதான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் மோட்டார் தொட்டியின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொள்வான். அந்த நேரத்தில் யார் கேட்டாலும் பதில் வராது. அவன் மனைவி சுமலதாவுக்கு அது தெரியும். உடம்பு ஆறி அவனாக உள்ளே வரும்வரை விட்டுவிடுவாள்.

கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அவர்கள் ஊர். கொஞ்சம் நெல் நிலம், கொல்லையில் ஒரு எருமை. இரண்டையும் பூவராகவனின் அம்மா முத்தம்மாள் பார்த்துக்கொண்டாள். சுமலதா போன வருஷத்திலிருந்து சிப்காட்டிலேயே, கார்களுக்கு ஒயர் கட்டு செய்கிற கம்பெனிக்குப் போய்வந்தாள். கட்டி முடித்த ஒயர்களை விரலால் தடவிப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்கிற வேலை. கம்பெனி பஸ் ஊர் முனைக்கே வரும்.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான் அவள் அந்தக் காபியை முதன்முதலாகப் போட்டாள். ஆலைக்கு அன்றைக்கும் லீவு இல்லை. பூவராகவன் தொட்டியிலிருந்து எழுந்து ஈரத்துண்டோடு அடுக்களைக்கு வந்தபோது அவள் ஃப்ரீசரிலிருந்து ஒரு எவர்சில்வர் சொம்பை எடுத்துக்கொண்டிருந்தாள். சொம்பின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தது. கடையில் வாங்கிய நீல நிறப் பாக்கெட் பாலைக் காய்ச்சாமல் அதில் கொஞ்சம் ஊற்றி, சர்க்கரைப் பாகு விட்டு, பேட்டரியில் சுற்றும் சின்ன மத்து ஒன்றை உள்ளே இறக்கினாள். வண்டு மாதிரி அது ரீங்காரம் போட்டது. அடியில் கிடந்த பால் மெல்ல மேலே ஏறியது. ஏற ஏற அவள் மத்தையும் உயர்த்தினாள். பிறகு, கண்ணாடி கிளாசில் ஐஸ் போட்டுக் கலந்து வைத்திருந்த கறுப்புக் காபியின் மேல் அந்த நுரையைக் கரண்டியால் வழித்துவிட்டாள். அது கலக்காமல், கரையாமல் மேலேயே உட்கார்ந்திருந்தது.

"இன்னாது இது?"

"குடிச்சிப் பாருங்க. கலக்கக் கூடாது. அப்படியே குடிக்கணும்."

குடித்தான். முதலில் நுரையின் இனிப்பு, அதற்குக் கீழேயிருந்து காபியின் கசப்பு, இரண்டும் சில்லென்று நெஞ்சுக்குள் இறங்கின. மீசையில் நுரை ஒட்டியிருந்ததைப் பார்த்து அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். உலை முன்னால் நின்ற பகல் முழுவதும் தொண்டையில் கிடந்த ஏதோ ஒன்று அந்த நிமிஷம் போய்விட்ட மாதிரி இருந்தது.

"இன்னொண்ணு போடேன்" என்றான். "எங்க கத்துக்கினே? போன்ல பாத்தியா?"

"இல்ல. எங்க கேன்டீன்ல ஜோஷ்வான்னு ஒருத்தர் கீறாரு. முன்ன மெட்ராஸ்ல பெரிய காபிக் கடையில இருந்தவரு. மத்தியானம் சாப்டப்புறம் எங்களுக்கெல்லாம் செஞ்சி காட்டுவாரு."

முத்தம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "கொல்லையில எருமைய கட்டி வச்சிக்கினு உம் பொண்டாட்டி பாக்கெட் பாலு வாங்குறாடா ராகவா" என்றாள்.

"எருமைப் பாலுல நுரை நிக்காது அத்த. கொழுப்பு ஜாஸ்தி. கொழுப்பு கம்மியா இருக்கணும், நல்லா சில்லுன்னு இருக்கணும். ஜோஷ்வா சொன்னாரு."

"என் எருமையப் பத்தி அவனுக்கு இன்னா தெரியும்?" என்று சொன்ன முத்தம்மாள், ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு கிளாசைத் திருப்பித் தரவில்லை. அடியில் தங்கிய நுரையை விரலால் வழித்துத் தின்றாள். அன்றைக்கு இரண்டு கிளாஸ் குடித்தாள்.

பூவராகவனின் இரண்டாவது கிளாஸ் முதல் கிளாஸ் போல இல்லை. என்ன குறை என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பாதி குடித்துவிட்டுப் பல் கூசுகிறது என்று வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பெயர் அடிக்கடி கேட்டது. போனில் சார்ஜ் நிற்கவில்லை என்றால் ஜோஷ்வா ஒரு வழி சொல்லியிருப்பான். வாய்ப்புண் வந்தால் ஜோஷ்வா ஒரு மருந்து சொல்லியிருப்பான். கம்பெனி பஸ்ஸில் யாருக்கோ யாருக்கோ சண்டை, ஜோஷ்வா அதற்கு என்ன சொல்லிச் சிரிக்க வைத்தான் என்று மாமியாரிடம் சொல்லி சுமலதா அடுக்களையில் மறுபடியும் சிரித்தாள். அவள் அவனைப் பற்றிப் பேசும்போது மறைக்கவில்லை. அதுதான் பூவராகவனுக்கு இன்னும் பொறுக்கவில்லை. மறைத்திருந்தால் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம்.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள். "நான் ப்ளஸ் டூ எழுதலாம்னு பாக்கறேன். பிரைவேட்டா எழுதலாமாம். எழுதுனா சூப்பர்வைசர் வேலைக்கு போடுவாங்களாம்."

"யாரு சொன்னது?"

"ஜோஷ்வாதான். 'சுமா மேடம், உங்களுக்கு நல்ல மூள கீது, ஏன் சும்மா உக்காந்துக்கினு கீறீங்க'ன்னாரு."

"மேடமா?"

"எல்லாரையும் மேடம்னுதான் கூப்புடுவாரு."

அவள் ஆரம்பாக்கத்துப் பெண். பத்தாவதில் நல்ல மார்க் என்று அவள் நைனா பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொல்லியிருந்தார். பூவராகவனுக்கு அது நினைவிருந்தது. மேலே படிக்கிறாயா என்று அவளை ஒருநாளும் கேட்டதில்லை என்பதும் இப்போது நினைவுக்கு வந்தது. எவனோ ஒருவன், கேன்டீனில் தட்டு அடுக்குகிறவன், அதைக் கேட்டிருக்கிறான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். குழம்பில் உப்பு இல்லை என்றான். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அவனுக்கு மத்தியான ஷிப்ட் வந்த வாரத்தில், சுமலதா காலை பஸ்ஸுக்குப் போன பிறகு, பூவராகவன் அடுக்களைக்குள் போனான். அந்தச் சின்ன மத்து ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தது. சொம்பை எடுத்து ஃப்ரீசரில் வைத்தான். காலையில் கறந்து காய்ச்சி ஆற வைத்திருந்த எருமைப் பாலை ஏட்டோடு எடுத்தான். நம் வீட்டுப் பாலில் வராத நுரை அந்தப் பாக்கெட் தண்ணீரில் வந்துவிடுமா என்று ஒரு வீம்பு. மத்தை ஓட்டினான். பால் சுழன்றது, குமிழ் விட்டது, கொஞ்சம் உயர்கிற மாதிரி காட்டி அமுங்கியது. பெரிய பெரிய குமிழாக வந்து உடைந்தது. விடாமல் ஓட்டினான். மத்தின் கம்பியில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் ஒட்டத் தொடங்கின.

முத்தம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாடா பண்றே?"

"ஒண்ணுமில்ல. நம்ம பாலுல ஏன் வராதுன்னு பாத்துக்கினு கீறேன்."

அவள் சொம்புக்குள் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் சுத்துனா வெண்ணெ வந்துடும். சோத்துல போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாலைக் கொண்டுபோய் எருமையின் தொட்டியில் ஊற்றினான். மறுநாள் கடைக்குப் போய் நீலப் பாக்கெட்டே வாங்கிவந்தான். அதில் நுரை நின்றது. சுமலதா செய்கிற அளவுக்கு இல்லை, ஆனாலும் கரண்டியைக் கவிழ்த்தால் விழாத அளவுக்கு நின்றது. பூவராகவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் தனியாக நின்றான். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் செய்து கொடுக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. குடித்ததும் ஜோஷ்வா செய்வதைவிட நல்லா இருக்கிறதா என்று கேட்கத் தோன்றும், அவளும் யோசித்துப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிடுவாள். நுரையைக் கழுவும் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டான்.

அடுத்த வாரம் ஆலையில் ஏதோ பழுது என்று பாதி நாளில் எல்லாரையும் அனுப்பினார்கள். பர்மிஷன் போடச் சொல்லி சுமலதாவையும் வண்டியில் கூட்டிப்போகலாம் என்று அவள் கம்பெனிக்குப் போனான். லாரி போவதற்காகப் பெரிய கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே தகரக் கூரை போட்ட கேன்டீன் கொட்டகை தெரிந்தது. சீருடைக் கோட்டோடு பெண்கள் கூட்டமாக நின்றார்கள். நடுவில் ஒல்லியாக, தலையில் வலைத் தொப்பி போட்ட ஒருவன், மூடி போட்ட பாட்டிலில் பாலை ஊற்றித் தலைக்கு மேலே தூக்கிக் குலுக்கிக்கொண்டிருந்தான். இடுப்பும் சேர்ந்து ஆடியது. பெண்கள் சிரித்தார்கள். பாட்டிலைத் திறந்து கிளாசில் சாய்த்து, "மொதல்ல சுமா மேடம் சொல்லட்டும்" என்று நீட்டினான்.

சுமலதா வாங்கிக் குடித்தாள். கண்ணைச் சுருக்கி யோசித்தாள். மற்றவர்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் ஏதோ சொன்னாள். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவளும் பக்கத்தில் நின்றவளின் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பூவராகவன் பார்த்ததில்லை. வீட்டில் அவள் சிரிப்பாள், இப்படி உடம்பைத் தளர விட்டுச் சிரித்ததில்லை.

கூப்பிடாமல் வண்டியைத் திருப்பினான். கேட்டுக்கு வெளியே கேன்டீன் கான்ட்ராக்டரின் வேன் நின்றது. அதன் பக்கத்தில் பெரிய எழுத்தில் போன் நம்பர்.

மறுநாள் ஆலையின் கழிவு இரும்பு கொட்டும் இடத்தில் நின்று அந்த நம்பருக்குப் போட்டான். ஒருமுறை பேசிவிட்டால் மனசு ஆறிவிடும் என்று நினைத்திருந்தான். பேசி முடித்தபோது ஆறியிருக்கவில்லை. யார் பேசுவது என்று அந்தப் பக்கம் கேட்டதும் வைத்துவிட்டான்.

இரண்டு நாள் எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பூவராகவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுமலதா வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமல் அவன் எதிரில் நின்றாள்.

"ஜோஷ்வாவ வேலைய விட்டு நிறுத்திட்டாங்க."

அவன் நிமிரவில்லை. "ஏனாம்?"

"யாரோ போன் பண்ணி தப்பா சொல்லிட்டாங்களாம். கான்ட்ராக்டரு அவர கூப்புட்டு நம்பர காமிச்சிருக்காரு. போவும்போது ஜோஷ்வா அத எங்களாண்ட காமிச்சி, இது யாரு நம்பர்னு உங்கள்ல யாருக்காச்சும் தெரியுமான்னு கேட்டாரு. எல்லாரும் பாத்தோம். நானும் பாத்தேன்."

முத்தம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

"நீ இன்னா சொன்னே?" என்றான் பூவராகவன்.

"தெரியாதுன்னு சொன்னேன்." அவள் குரல் உயரவில்லை. "போன்ல இன்னா சொன்னே நீ? அத சொல்லு."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை நீ என்று சொன்னதில்லை.

"உடு சுமா. ஏதோ கோவத்துல."

"இன்னா சொன்னியோ அத அப்படியே சொல்லு. என்னப் பத்தித்தான சொன்னே. நான் கேக்கணும்."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அங்க கீற ஜோஷ்வா கல்யாணமான பொம்பளைங்களாண்ட தப்பா நடந்துக்கினு கீறான்னு சொன்னேன். அவனால ஒரு குடும்பம் கெட்டுப்போச்சுன்னு சொன்னேன்."

கொல்லையில் எருமை முளையை இழுத்துக்கொண்டிருந்த சத்தம் மட்டும் வந்தது.

"அவன் சொல்லிக் குடுத்த காபிய நானும்தான் ரெண்டு கிளாசு குடிச்சேன்" என்றாள் முத்தம்மாள். "நானும் கெட்டுப்போய்ட்டேனாடா?"

அவன் எழுந்து கை கழுவப் போனான். சுமலதா நகரவில்லை. "நாளைக்கு லீவு போடு" என்றாள். "எங்கூட வரணும்."

கான்ட்ராக்டரின் ஆபீஸ் கும்மிடிப்பூண்டி பஜாரில் மாடியில் இருந்தது. படியேறும்போதே வியர்த்தது. அந்தப் போன் தான் பண்ணியதுதான், சொன்னது அத்தனையும் பொய், என்று பூவராகவன் சொன்னான். கான்ட்ராக்டர் வயதானவர். அவனைப் பார்த்தார், சுமலதாவைப் பார்த்தார், மறுபடியும் அவனைப் பார்த்தார்.

"நல்லா பண்ணீங்க போங்க" என்றார். "அந்த கம்பெனில இனிமே அவன விடமாட்டாங்க. ஒருதபா பேரு வந்துட்டா அவ்ளோதான். வள்ளூர்ல கரண்ட் கம்பெனி கேன்டீன் ஒண்ணு கீது, அங்க போடறேன். அது பெருசில்ல. அவன் ஊட்லதான் பேஜாரு. அவன் சம்சாரம் நேத்து எனக்கே போன் பண்ணி அழுவுது. அங்க போய் சொல்லுங்க மொதல்ல."

ஜோஷ்வாவின் வீடு பொன்னேரியில், ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம். ஒரே அறையும் சமையல் கட்டும். ஜோஷ்வாதான் கதவைத் திறந்தான். தொப்பி இல்லாமல் பார்க்க இன்னும் சின்னவனாக இருந்தான். சுமலதாவைப் பார்த்து "வாங்க மேடம்" என்று சொல்லத் தொடங்கி, உள்ளே திரும்பிப் பார்த்து, "வாங்கக்கா" என்றான். அவன் மனைவி பெர்சிஸ் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

பூவராகவன் நின்றுகொண்டே சொன்னான். போனில் பேசியது யார் என்பதையும், ஏன் பேசினான் என்பதையும். சொல்லச் சொல்லத்தான், தன் பொறாமையைத் தவிர அதில் வேறு ஒரு சங்கதியும் இல்லை என்பது அவன் காதிலேயே விழுந்தது. ஜோஷ்வா சுவரில் சாய்ந்து தலையைக் குனிந்திருந்தான்.

"நீங்கதானா அண்ணே அது" என்றான். "நேத்துலேர்ந்து நான் யார் யாரையோ நெனச்சிக்கினு இருந்தேன்."

பெர்சிஸ் மடித்த துணியை மறுபடியும் உதறி மடித்தாள். "ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு நிச்சயமா தெரியுமா? இவங்களுக்கும் இவருக்கும் நடுவுல ஒண்ணுமில்லன்னு?"

பூவராகவன் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஒரு மாதமாகத் தூங்கவிடாமல் அடித்த கேள்வி அது. அதற்கு அவனிடம் பதில் இருந்திருந்தால் இங்கே வந்து நிற்க வேண்டியதே இல்லை. சுமலதா கதவோரமாக நின்றாள். அவள் உதவிக்கு வரவில்லை.

"தெரியும்மா" என்றான். "நிச்சயமா தெரியும். என் சம்சாரம் அப்படிப்பட்டவ இல்ல. உன் ஊட்டுக்காரரும் அப்படி இல்ல. நான்தான் தப்பு."

சொல்லிவிட்டான்.

பெர்சிஸ் மடித்த துணியைத் தள்ளி வைத்தாள். "அது போவட்டும்" என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "அங்க அத்தன பேருக்கு காபி போட்டு, ஆடிப் பாடி காமிச்சிருக்கே. ஊட்ல ஒருநாளு, ஒரே ஒரு நாளு, எனக்கு ஒரு டீத்தண்ணி போட்டுக் குடுத்திருக்கியா?"

"அலுப்பா இருக்கும் பெர்சி. நாளெல்லாம் அதே வேலை."

"எனக்கும் நாளெல்லாம் அதே வேலைதான்."

அவன் சமையல் கட்டுக்குப் போனான். ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம், பாக்கெட்டை வெட்டும் சத்தம். மத்து எதுவும் அந்த வீட்டில் இல்லை. ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி அதில் பாலை ஊற்றி மூடியை இறுக்கினான். குலுக்கினான். அன்றைக்குக் கேட்டில் பார்த்த ஆட்டம் எதுவும் இல்லை. தலை குனிந்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக் குலுக்கினான். மற்ற மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நுரையைக் காபி மேல் வழித்து, கிளாசை முதலில் பெர்சிஸிடம் கொண்டுவந்து வைத்தான்.

அவள் ஒரு வாய் குடித்தாள். "சக்கரை பத்தல" என்றாள். ஆனால் கிளாசைக் கீழே வைக்கவில்லை. ஜோஷ்வா திரும்ப உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

சுமலதா பூவராகவனின் முழங்கையைத் தொட்டு, போகலாம் என்று கண் காட்டினாள்.

வண்டியை லெவல் கிராஸிங்கில் நிறுத்த வேண்டியிருந்தது. கேட்டைப் போட்டிருந்தார்கள். வெயில் தண்டவாளத்தில் அலை அலையாக ஆடியது. சுமலதா பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பொண்ணாண்ட நிச்சயமா தெரியும்னு சொன்னீங்களே" என்றாள். "தெரியுமா?"

"தெரியாது" என்றான். "ஆனா இனிமே கேக்கமாட்டேன்."

"கேளுங்க."

"வேணாம் சுமா."

"ஊரக் கேக்காதீங்க, போன்ல பேசாதீங்க. என்னக் கேளுங்க. இப்ப கேளுங்க."

எலக்ட்ரிக் ட்ரெயின் வருகிற சத்தம் தூரத்தில் கேட்டது. அவன் முன்னால் பார்த்தபடியே கேட்டான். "அவன உனக்குப் புடிக்குமா?"

"புடிக்கும்" என்றாள் சுமலதா. "பேசுனா சிரிப்பு வருது. நான் இன்னா நெனைக்கறேன்னு கேப்பாரு. அதனால புடிக்கும். அவ்ளோதான். அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது, கீழயும் ஒண்ணும் கெடையாது."

ரயில் அவர்கள் முன்னால் கடந்து போனது. பிடிக்காது என்று பொய் சொல்லியிருக்கலாமே என்று ஒரு கணம் அவள்மேல் கோபம் வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டான் என்பதும் தெரிந்தது. உலைவாயில் நிற்கிற மாதிரி முகம் எரிந்தது.

கேட் தூக்கினார்கள். பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது.

"அந்த ப்ளஸ் டூ பரீட்சைக்கு எப்பப் பணம் கட்டணுமாம்?" என்றான்.

"விசாரிக்கணும்."

"சரி, விசாரி" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினான்.

தண்டவாளத்தின் மேல் வண்டி தூக்கிப்போட்டபோதுகூட அவள் பின்கம்பியிலிருந்து கையை எடுத்து அவன் தோளைப் பிடிக்கவில்லை. கவரைப்பேட்டை வரைக்கும் அப்படியே வந்தாள். அவனும் மெதுவாகவே ஓட்டினான்.